ரெஜி தின்ற அக்டோபர் மீன்

என் மனைவி மார்லிஸ் இன்னொருவனுக்குத் தன் கையால் ஊட்டிவிடுகிறாள் என்பது ஊருக்கே தெரியும். அதற்கு அவளுக்குச் சம்பளமும் உண்டு. அவன் பெயர் ரெஜினால்ட், செல்லமாக ரெஜி. கழுத்து எது தோள் எது என்று தெரியாத உடம்பு, நாய்க்குட்டிக் கண், விடிந்தால் அடைந்தால் ஏப்பம். கடற்சிங்கம்.

எனக்கு அவன்மேல் பொறாமை. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. எங்கள் ஹார்லன் துறையில் வலை போடுகிற எவனுக்கும் கடற்சிங்கத்தைக் கண்டால் ஆகாதுதான். வலையைக் கிழிக்கும், சால்மன் மீனின் வயிற்றைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் நமக்கு விட்டுவைக்கும். ஆனால் அது தொழில் பகை, நாலு கெட்ட வார்த்தையில் தீர்ந்துவிடும். என்னுடையது குடும்ப விஷயம்.

அவள் வேலை செய்வதை நீங்கள் பார்க்க வேண்டும். அவள் வேலை பார்க்கும் ஆய்வு நிலையத்தின் மீன் அறையில் ஒவ்வொரு ஹெர்ரிங் மீனாகக் கையில் எடுத்துக் கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பாள். செவுளைத் திறந்து நிறம் பார்ப்பாள். வயிற்றைத் தடவுவாள். தோல் கொஞ்சம் உரிந்திருந்தாலும் தனியாக ஒதுக்கிவிடுவாள். தேறிய மீனின் செவுளுக்குள் ஒரு வைட்டமின் மாத்திரையைச் செருகி, அவன் வாயருகே கொண்டுபோய், "என் ராசா இல்ல, ஒரே ஒரு வாய்" என்பாள். வீட்டில் என் ரத்த அழுத்த மாத்திரை எங்கே என்று நான் கேட்டால், "போன தடவை எங்க தொலைச்சியோ அங்க தேடு" என்பாள். ஒதுக்கிய தோலுரிந்த மீன் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வரும். அது எனக்கு.

"அவன் வேண்டாம்னு ஒதுக்கினதைத்தான் நான் திங்கணுமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவன் எங்க ஒதுக்கினான்? அவனுக்குக் குடுக்கக் கூடாதுன்னு நான் ஒதுக்கினேன்."

"எனக்குக் குடுக்கலாமா?"

"உனக்கென்ன, நீ கல்லைத் தின்னாலும் கரைச்சுடுவே. அவன் வயிறு அப்படியா?"

இப்படிப் பேசினால் வயிறு எரியாதா?

நிலையத்தின் முழுப்பெயர் கடற்பாலூட்டி உணவியல் உயர் ஆய்வு நிலையம். கடலில் வாழும் பாலூட்டிகள் எந்தப் பருவத்தில் எந்த மீனைத் தின்றால் எவ்வளவு சத்துக் கிடைக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் அதைக் கட்டினார்கள். கட்டி முடித்தது ஒரு அக்டோபரில். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் எங்கள் விரிகுடாவில் பிடித்த ஹெர்ரிங் ஒன்றை அரைத்து, உலர்த்தி, எரித்து, அதில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று அளந்தார்கள். வந்த எண்ணைப் பித்தளைத் தகட்டில் வெட்டி முன்கூடத்துச் சுவரில் பதித்தார்கள். அடியில் இயக்குநர் டாக்டர் கார்ட்லண்ட் பிம்மின் பெயர், மீனின் பெயரைவிடப் பெரிய எழுத்தில். அதற்குப் பிறகு மீனை அளக்க வேண்டிய தேவை நிலையத்துக்கு ஏற்படவில்லை.

ஹெர்ரிங் என்பது மத்திக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. கோடை முழுக்க மேய்ந்து, அக்டோபரில் சட்டியில் போட்டால் தன் எண்ணெயிலேயே வெந்துகொள்ளும். குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடக்கும். வசந்தத்தில் கரையோரம் வந்து முட்டையிடும். அந்தச் சமயத்தில் என் கூட்டாளி டெல்பர்ட் ஜேம்ஸும் அவனுடைய டிலிங்கிட் பழங்குடிச் சொந்தபந்தங்களும் ஹெம்லாக் மரக்கிளைகளை வெட்டிக் கடலில் அமிழ்த்துவார்கள். தூக்கிப் பார்த்தால் கிளை தெரியாமல் வெள்ளை வெளேரென்று முட்டை அப்பியிருக்கும். கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, கிளையோடு கையில் பிடித்துக்கொண்டு தின்போம். மீனிடம் இருந்த அத்தனையும் அந்தக் கிளைக்குப் போயிருக்கும். மிச்சம் இருப்பது மீன் உருவத்தில் கொஞ்சம் தண்ணீர். ஆளை ஏமாற்றுவது என்னவென்றால், தராசில் போட்டால் அவ்வளவாக வித்தியாசம் தெரியாது. கொழுப்பு எழுந்துபோன நாற்காலியில் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊரில் இது தெரியாதவர் யாரும் இல்லை. டாக்டர் பிம்முக்கும் தெரியும்.

அந்த வருடம்தான் நிலையம் முதல்முறையாக, மலிவு பார்த்து, தன் மீனை ஏப்ரலில் வாங்கியது. சினையை எடுத்து ஜப்பானுக்கு அனுப்பிவிட்டு, வெற்று மீனை எங்கே கொட்டுவது என்று ஆலைக்காரர்கள் விழித்துக்கொண்டிருக்கும் மாதம் அது. நிலையத்தின் வண்டியைக் கண்டதும் அவர்கள் கைதட்டினார்கள்.

பழைய கொழுத்த மீன் தீர்ந்து ஏப்ரல் மீன் வாளிக்கு வந்ததும் ரெஜி இளைக்க ஆரம்பித்தான். அவனுக்குக் கழுத்து இருக்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. தோல், அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்ட மாதிரி தொங்கியது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். அன்றைக்கு இரண்டு பீர் கூடவே குடித்தேன்.

நிலையத்தில் மாதம் ஒருமுறை பொதுமக்கள் கூட்டம் நடக்கும். காப்பியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் கொடுப்பார்கள் என்பதால் பொதுமக்களில் நானும் டெல்பர்ட்டும் தவறாமல் போவோம். மே மாதக் கூட்டத்தில் மார்லிஸ் எழுந்து நின்றாள்.

"டாக்டர், வசந்தத்து மீன்ல சத்தே இல்ல. முன்னாடி குடுத்த அதே அளவைத்தான் இப்பவும் குடுக்கறோம். ரெண்டு மடங்காவது ஆக்கணும். அவனுக்கு எலும்பு தெரியுது."

டாக்டர் பிம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் அறிவியல் வரப்போகிறது என்று அர்த்தம்.

"மார்லிஸ், உங்க அக்கறையை நான் மதிக்கறேன். ஆனா முன்கூடத்துல ஒரு தகடு இருக்கு. ஹெர்ரிங்கோட மதிப்பு அதுல இருக்கு. ஏப்ரல்ல அந்த மதிப்பு குறையுதுன்னு இன்னைக்கு ஒத்துக்கிட்டோம்னு வைங்க. நாளைக்கு என்ன கேப்பாங்க? அப்ப போன வருஷ அறிக்கை என்னாச்சும்பாங்க. அதுக்கு முந்தின வருஷ அறிக்கை என்னாச்சும்பாங்க. அந்த அறிக்கையை வெச்சு எனக்குக் குடுத்த விருது என்னாச்சும்பாங்க. ஒரு மீன் மெலிஞ்சதுக்காக ஒரு நிலையமே மெலியணுமா?"

"அப்ப நீங்க ஏன் உங்க வீட்டுக்கு அக்டோபர் மீனா பாத்து வாங்கறீங்க?" என்று டெல்பர்ட் வாயில் ரொட்டியோடு கேட்டான்.

"அது நாக்கு சம்பந்தப்பட்டது, மிஸ்டர் ஜேம்ஸ். நான் பேசறது அறிவியல்."

பொதுமக்களில் சிலர் கைதட்டினார்கள்.

ஆனாலும் நிலையம் சும்மா இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. முதலில் தராசின்மேல் சந்தேகப்பட்டார்கள். அதைக் கழற்றிப் பழுது பார்க்கத் தலைநகர் ஜூனோவுக்கு அனுப்பினார்கள். தராசு இல்லாத நாட்களில் ரெஜியின் எடை குறைந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை. நிலையம் முழுக்க ஒரு நிம்மதி நிலவியது. தராசு ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று திரும்பி வந்தபோது எல்லோருக்கும் அதன்மேல் வருத்தம். அடுத்து, இனிமேல் எடைக்குப் பதிலாக நீளத்தை அளப்பது என்று முடிவு செய்தார்கள். மூக்கிலிருந்து வால்வரை நூல் பிடித்து அளந்தார்கள். ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. இதற்காக நிலையம் தன்னைத் தானே பாராட்டி ஒரு கேக் வெட்டியது.

பிறகு ஆங்கரேஜ் நகரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். அவர் ரெஜியின் எதிரே நாற்காலி போட்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, விலங்குக்குக் கொழுக்க வேண்டும் என்ற உந்துதல் இல்லை என்று கண்டுபிடித்தார். அவர் சொற்படி, கடலோரத்தில் ரெஜியை அடைத்திருந்த வலைத்தடுப்பைச் சுற்றிக் கொழுத்த கடற்சிங்கங்களின் வண்ணப்படங்களை மாட்டினார்கள். ரெஜி அவற்றுள் ஒன்றைத் தின்றான். உந்துதல் வந்துவிட்டது என்று ஆலோசகர் எழுதிக்கொடுத்துவிட்டு விமானம் ஏறினார்.

கடைசியாக இளைப்புக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். ரெஜி ஏன் இளைக்கிறான் என்பதைப் பற்றித் தினமும் முன்பகலில் பதினோரு மணிக்குக் கூட்டம். வாசற்காரர் முதல் இயக்குநர்வரை ஒருவர் விடாமல் வரவேண்டும். கூட்டம் நீளமாக நடப்பதால் பிஸ்கோத்து, பாலாடைக்கட்டி, சில நாள் பன்றி வறுவல். குழுவினர் எல்லோரும் ஒரு சுற்றுப் பெருத்தார்கள். நிலையத்தில் இருக்கும் பாலூட்டிகள் அனைத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எடையில் வளர்ச்சியே தெரிகிறது என்று டாக்டர் பிம் தலைமையகத்துக்கு எழுதினார். மனிதனும் பாலூட்டிதான் என்பதால் அதில் ஒரு பொய்யும் இல்லை.

இவ்வளவு வேடிக்கையும் எனக்குச் சும்மா கிடைத்தது. ரசித்திருப்பேன். ஆனால் ஒரு கணக்கு நான் போடாமல் விட்டிருந்தேன். அவன் இளைக்க இளைக்க அவள் காதல் கொழுத்தது.

முதலில் தன் மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அப்புறம் சாப்பிடுவதை விட்டாள். அப்புறம் வீட்டுக்கு வருவதே அபூர்வமாகிவிட்டது. மீன் அறையில் ஒரு மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டாள். நான் போய்க் கூப்பிட்டேன்.

"இப்ப எப்படி வருவேன், ஆர்னே? அவன் என்னைப் பாக்கற பார்வையைப் பாரு."

"நானும் பாத்துட்டுதான் நிக்கறேன்."

"உனக்கு வாய் இருக்கு. பசிச்சா கேப்பே. அவன் யார்கிட்டப் போய்ச் சொல்லுவான்?"

"எனக்கும் நாலு கிலோ குறைஞ்சிருக்கு. யாராவது கூட்டம் போட்டாங்களா?"

"உனக்குக் குறையலாம்" என்றாள். சொல்லிவிட்டு அவன் மீசையைத் துடைத்துவிட்டாள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது எனக்கு ஒன்று விளங்கியது. கொழுத்த எதிரியோடு குடும்பம் நடத்திவிடலாம். இளைத்த எதிரியை எந்தப் பெண்ணும் விடமாட்டாள். அவனை இப்படியே விட்டால், செத்துப்போய்விடுவான். செத்தால் தொலைந்தது, ஆயுளுக்கும் அவள் மனதை விட்டுப் போகமாட்டான். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரார் கடற்சிங்கத்தை ஊட்டி வளர்த்தால் தன் பெண்டாட்டி தானே வீடு வந்து சேருவாள் என்று முடிவுக்கு வந்தேன்.

என் கொட்டகையில் ஒரு பெரிய உறைபெட்டி உண்டு, பூட்டுப் போட்டது. ஒவ்வொரு வருடமும் அக்டோபரில் கடைசி வலையில் விழுகிற ஹெர்ரிங்கில் முதுகு உருண்டதாகப் பொறுக்கி அதில் அடுக்குவேன். விற்கமாட்டேன். யாருக்கும் தரமாட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, வினிகரும் வெங்காயமும் மிளகும் போட்டு ஊறவைத்து, கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் தின்பேன். நார்வேயிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். எங்களுக்கு இது ஜெபத்துக்கு அடுத்தபடி. சில வருடங்களில் ஜெபத்துக்கு முந்தினபடி.

அந்தப் பெட்டியைத் திறந்து ஒரு வாளி எடுத்தேன். மூடும் முன் மிச்சத்தை இரண்டு தடவை எண்ணிக்கொண்டேன்.

நிலையத்துக்குள் நுழைவது பெரிய வித்தை இல்லை. ரெஜி ஏன் இளைக்கிறான் என்று எல்லோரும் உள்ளே பேசிக்கொண்டிருக்கும் பதினோரு மணிக்கு ரெஜியின் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கமாட்டார். வெளி ஆட்கள் கடற்சிங்கத்துக்கு மீன் போட்டால் அரசாங்கம் அபராதம் போடும், படகு உரிமமே போனாலும் போகும். பிடிக்க ஆள் இருந்தால்தானே. மிதவைப் பலகை வழியாக நடந்துபோய் அவன் முன்னால் வாளியை வைத்தேன்.

"இங்க பாரு" என்றேன். "இது பாசத்துல குடுக்கறது இல்ல. நீ கொழுக்கணும், அவ வீட்டுக்கு வரணும். அதுக்கு மேல உனக்கும் எனக்கும் ஒண்ணும் கிடையாது. புரியுதா?"

அவன் மூக்கை நீட்டி முகர்ந்தான். முதல் மீன் போனது. அவன் வாயோரம் எண்ணெய் வழிந்து தண்ணீரில் வானவில்லாகப் பரவியது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த மீனைத் தின்னும்போது நானும் அப்படித்தான் கண்ணை மூடுவேன்.

கொஞ்ச நாளிலேயே டெல்பர்ட் என்னைப் பிடித்துவிட்டான். அவன் சின்னப் படகில் அந்தப் பக்கம் போனவன், என்ஜினை அணைத்துவிட்டு வாயைப் பிளந்தான்.

"டேய் ஆர்னே! எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சா? கடற்சிங்கத்துக்கா மீன் போடறே?"

"கத்தாதேடா."

"போன வருஷம் இந்த ஜாதி வலையைக் கிழிச்சப்ப ஒப்பாரி வெச்சே. இப்ப வாளியோட விருந்து வைக்கறே. அடுத்து என்ன, சம்பந்தம் பேசப் போறியா?"

"பொண்டாட்டியைத் திருப்பி வாங்கப் போறேன்."

"இவன்கிட்டேர்ந்தா?"

"வேற யார்கிட்டேர்ந்து?"

டெல்பர்ட் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. "பயப்படாதே, ஊர்ல சொல்லமாட்டேன். சொன்னா என்னைத்தான் பைத்தியம்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜூலைக்குள் ரெஜியின் கழுத்து மறைந்தது. ஏப்பம் திரும்ப வந்தது. மார்லிஸும் திரும்ப வந்தாள். மடக்குக் கட்டிலை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையெல்லாம் மீன் செதிளோடு. அன்றைக்கு எனக்குக் கிறிஸ்துமஸ். ஆனால் மேஜையில் உட்கார்ந்தவள் முள்கரண்டியால் உருளைக்கிழங்கைக் குத்திக்கொண்டே இருந்தாள்.

"என்ன? அவன்தான் நல்லா ஆயிட்டானே?"

"ஆயிட்டான்" என்றாள். "ஆனா என் கையிலேர்ந்து வாங்கமாட்டேங்கறான். நான் குடுக்கற மீனை மோந்து பாத்துட்டு, பலகையில வெச்சுட்டு, வாசலையே பாக்கறான். பதினோரு மணி ஆகப்போகுதுன்னா துள்ளறான்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆர்னே, அவனுக்கு வேற யாரோ இருக்காங்க."

"அவன் ஒரு மிருகம், மார்லிஸ்."

"எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் ஊட்டினவ நான். யாருன்னு மட்டும் தெரியட்டும், தலைமயிரைப் பிடிச்சு இழுக்கலைன்னா பாரு."

நான் கையை மேஜைக்கு அடியில் விட்டுக்கொண்டேன். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அக்டோபர் மீனின் வாசனை போகாது.

ஆகஸ்டுப் பொதுக்கூட்டத்துக்குத் தலைமையகத்திலிருந்தே இருவர் வந்திருந்தார்கள். ரொட்டிக்கு மேல் பழக்கூழ் தடவியிருந்தார்கள். டாக்டர் பிம் பேச எழுந்தார். வரும்போதே கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

"நண்பர்களே, மீன்ல குறையிருக்குன்னு சிலர் சொன்னாங்க. நாம மீனை மாத்தலை. அளவைக் கூட்டலை. ஒண்ணுமே செய்யலை. ஒண்ணுமே செய்யாம உறுதியா நின்னோம். அந்த உறுதியைச் சாப்பிட்டுத்தான் ரெஜினால்ட் கொழுத்திருக்கான். ஏப்ரல் மீனும் அக்டோபர் மீனும் ஒண்ணுதான்னு அவன் தன் உடம்பாலயே நிரூபிச்சுட்டான். இனிமே அவனை நாமளே வெச்சுக்கறது சுயநலம். நம்ம முறையோட நடமாடும் சான்றா அவனைத் தெற்கே நம்ம தாய் நிலையத்துக்கு அனுப்பறோம். அவனோட மார்லிஸும் போறாங்க. எவ்வளவு காலம்னு இப்ப சொல்ல முடியாது. அறிவியலுக்குக் காலம் ஏது?"

கைதட்டல் காதை அடைத்தது. மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷமா அதிர்ச்சியா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அவளைத் திருப்பி வாங்க நான் கொட்டிக் கொடுத்த ஒவ்வொரு மீனும் அவளைக் கப்பலேற்றுகிற டிக்கெட்டாக மாறியிருந்தது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன், அதுவும் வாளி வாளியாக.

எழுந்துவிட்டேன்.

"டாக்டர், அவனைக் கொழுக்க வெச்சது நான். தினமும் பதினோரு மணிக்கு நீங்கல்லாம் உள்ள இருக்கறப்ப வந்து மீன் போட்டேன். என் அக்டோபர் மீன். அபராதம் போடுங்க, உரிமத்தை எடுத்துக்குங்க. ஆனா உங்க ஏப்ரல் மீனைத் தின்னு எவனும் கொழுக்க முடியாது."

டெல்பர்ட் மட்டும் "ஆமா, நானே பாத்தேன்" என்றான்.

டாக்டர் பிம் தலைமையகத்து ஆட்களைப் பார்த்தார். அவர்கள் தகடு இருந்த திசையைப் பார்த்தார்கள்.

"மிஸ்டர் லோக்கன், உங்க உற்சாகத்துக்கு நன்றி" என்றார் பிம். "ஆனா யோசிச்சுப் பாருங்க. நீங்க சொல்றது உண்மைன்னா, எங்க முறை தப்பு. எங்க முறை தப்பு இல்லைன்னு இப்பத்தான் நிரூபணம் ஆச்சு. அதனால நீங்க மீன் போட்டிருக்க முடியாது. வேணும்னா வாக்கெடுப்பு வெச்சுக்கலாம்."

வைத்தார்கள். நான் மீன் போடவில்லை என்பது ஒருமனதாக நிறைவேறியது. பொதுமக்களுக்கு வாக்கு கிடையாது. என்மேல் அபராதமும் இல்லை. நடக்காத குற்றத்துக்கு யார் அபராதம் போடுவார்கள்?

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் மார்லிஸ் எனக்காக நின்றிருந்தாள். வாக்கெடுப்பு அவளை ஒன்றும் செய்யவில்லை என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"நீதானா அது?"

"நீ வீட்டுக்கு வரணும்னுதான்..."

"அந்தப் பெட்டி மீனா?"

"ஆமா."

"பூட்டு போட்ட அந்தப் பெட்டி?"

"ஆமா, மார்லிஸ். வாளி வாளியா. பெட்டி முக்கால்வாசி காலி."

நான் செய்த தியாகம் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துத் தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டேன்.

"கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷம்" என்றாள். "ஒரு மீன். ஒரே ஒரு மீன் எனக்கு எடுத்துக் குடுத்திருக்கியா? கேட்டப்ப, தினமும் மீனோட கிடக்கறே, உனக்கு அலுத்திருக்கும்னு சொன்னே. அவனுக்கு அலுக்கலையா? அவனும் மீனோடதானே கிடக்கறான்?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "எனக்குத் தராததை அவனுக்குத் தந்தே. என்கிட்ட இருந்தவனையும் உன்கிட்ட இழுத்துக்கிட்டே. ரெண்டு பேருமா சேர்ந்து பதினோரு மணிக்குப் பதினோரு மணி என் முதுகுக்குப் பின்னால..."

முடிக்காமல் வண்டியில் ஏறிக் கதவை அறைந்தாள். அவள் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை மாதமாக அதைத்தான் நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவளுக்கு என்னைவிட அழகாகவே இருந்தது.

தெற்கே போகமாட்டேன் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள். அவன் மூஞ்சியில் விழிக்கவே பிடிக்கவில்லையாம். நான் வீட்டுக்குப் போய்க் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். அந்தச் சுகம் ரெஜியைக் கப்பலேற்றுகிற நாள்வரை நிலைத்தது.

அன்றைக்கு அவன் கூண்டுக்குள் ஏறவில்லை. யார் மீன் காட்டினாலும் வாயைத் திறக்கவில்லை. ஏப்ரல் மீனைக் காட்டியவர் கையில் ஏப்பம் விட்டான். வேடிக்கை பார்க்கத் துறைமுகத்துக்குப் போயிருந்த என்னைக் கண்டதும் கடலே அதிரக் கத்திக்கொண்டு, பலகையெல்லாம் தண்ணீராக, விழுந்தடித்து வந்து என் முழங்காலில் தலையை முட்டி நின்றான். தலைமையகத்து ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் பிம் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ்டர் லோக்கன் இதுக்கு முன்னாடி இந்த விலங்குக்கு ஊட்டினதே இல்லைன்னு தீர்மானமே இருக்கு. ஆனாலும் இது அவர்கிட்ட ஓடி வருது. அப்ப இது பழக்கம் இல்ல. பிறவித் திறமை."

பிறவித் திறமையாளர் என்று ஒரு பதவியை அங்கேயே, கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்து உருவாக்கினார்கள். முன் அனுபவம் இருக்கக் கூடாது என்பது தகுதி. ஊரிலேயே அந்தத் தகுதி தீர்மானம் போட்டு உறுதியானது எனக்கு மட்டும்தான். மறுத்தால்? மறுத்தால் அன்றைக்கு நடக்காதது நடந்ததாக மறுபடி வாக்கெடுப்பு வைத்து, உரிமத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்று டாக்டர் பிம் என் காதில் மட்டும் சொன்னார்.

இப்படியாக, என் மனைவியை ஒரு கடற்சிங்கத்திடமிருந்து மீட்கப் புறப்பட்ட நான், அவளைக் கரையில் விட்டுவிட்டு அந்தக் கடற்சிங்கத்தோடு சரக்குக் கப்பலில் தெற்கே போனேன். அவனுடைய கூண்டுக்குப் பக்கத்தில் எனக்குப் படுக்கை. வழியில் அவனுக்குப் போடச் சொல்லி நிலையம் ஏற்றிவிட்டது ஏப்ரல் மீன். நான் மறைத்து ஏற்றியது என் பெட்டியின் மிச்சத்தில் பாதி. மற்றப் பாதியையும் பூட்டின் சாவியையும் சமையலறை மேஜைமேல் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

கெட்சிகன் துறைமுகத்தைத் தாண்டும்போது கைப்பேசிக்கு உயிர் வந்தது. மார்லிஸ்தான்.

"தின்னேன்" என்றாள், எடுத்த எடுப்பில். "வெங்காயம் போட்டு."

"எப்படி இருந்துச்சு?"

"பாவி" என்றாள். குரல் இளகியிருந்தது. "பதினோரு வருஷம் எப்படி மனசு வந்துச்சு உனக்கு?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் என் பக்கத்துக் கூண்டுக்குள்ளிருந்து ஒரு நீண்ட ஏப்பம் எழுந்தது.

"யாரு அது?"

"வேற யாரு. அவன்தான்."

"உன் காதுகிட்டயே கேக்குதே?"

"படுத்திருக்கான், மார்லிஸ். கம்பி வழியா மூக்கை நீட்டி என் தோள்ல வெச்சிருக்கான்."

எதிர்முனையில் பாத்திரம் ஒன்று நங்கென்று வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"எழுந்திரு" என்றாள். "தள்ளிப் போய் நின்னு பேசு."